ஒன்பது சென்டிமீட்டர்

டோங்காட் கல்யாண மண்டபத்தில்
ஆறரைக்குப் போன மின்சாரம்
எட்டரைக்குத் திரும்பும் என்கிறது ஒரு செயலி.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன பையனும்
மின்சாரத்தோடு சேர்ந்துவிட்டான்.
கரும்பு எரித்த சாம்பல் ஜன்னல் வழியாக வந்து
வாழையிலை மேல், என் லென்ஸ் மேல்.

துடைத்துவிட்டு இன்னொரு செயலியைத் திறக்கிறேன்.
லென்ஸ்: எண்பத்தைந்து.
அபர்ச்சர்: ஒன்று புள்ளி எட்டு.
அதற்கு மேல் திறக்க என்னிடம் கண்ணாடி இல்லை.
தூரம்: இரண்டரை மீட்டர்.
விரலை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறது:
இரண்டு புள்ளி நாற்பத்தாறு முதல்
இரண்டு புள்ளி ஐம்பத்தைந்து வரை.
ஒன்பது சென்டிமீட்டர்.
அதற்குள் நிற்பவர்களுக்கு முகம் உண்டு.

குமேஷ்னி நடுவில், மாலையோடு வியர்த்துக்கொண்டு.
வலப்பக்கம் அவளைப் பெற்ற லோகவதி,
மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டாக்ஸி மாறி மாறி வந்தவர்.
இடப்பக்கம், ஒரு டைல் பின்னால்,
அப்பாவின் இரண்டாம் மனைவி ரோஷினி நாயுடு.
பதினாறு வருடம் தலை பின்னிவிட்டவர்.
ஒருத்தி அம்மா. இன்னொருத்தி ஆன்ட்டி.
ஒரு டைல், நாற்பது சென்டிமீட்டர்.
மண்டபம் கட்டியவன் தரை முழுக்க
எனக்கு ஸ்கேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

எட்டு அபர்ச்சர் வைத்தால்
சரியாக ஒரு டைல் கிடைக்கும்.
கூடவே கும்மிருட்டும் கிடைக்கும்.

செயலியின் அடியில் ஒரு வரி இருக்கிறது,
யாரும் தொடுவதில்லை:
குழப்ப வட்டம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று மில்லிமீட்டர்.
உண்மையில் கூர்மையாக விழுவது
ஒரே ஒரு தளம், தாளைவிட மெல்லியது.
மீதியெல்லாம் நாம் விட்டுக்கொடுத்தது.
புள்ளி இவ்வளவு பருத்தாலும்
புள்ளி என்றே வைத்துக்கொள்வோம் என்று
எங்கோ யாரோ கண்ணைச் சுருக்கி முடிவு செய்திருக்கிறார்கள்.
மூன்றை ஐந்தாக்கினால்
ரோஷினி இன்னும் கொஞ்சம் உள்ளே வருவார்.
செயலியில் மட்டும்.

"ஆன்ட்டி, ஒரு டைல் முன்னால் வாருங்கள்."
ஆங்கிலத்தில்தான் சொன்னேன்;
இங்கே தமிழ் தேவாரத்துக்கும் திட்டுவதற்கும்.
"இல்லை டார்லிங், எனக்கு இங்கேயே சரி."
லோகவதி கேமராவைப் பார்த்தபடி
கேட்காத மாதிரி நின்றார்.

பழியை மெஷின் மேல் போட்டேன்.
போனை லோகவதி கையில் கொடுத்து,
பாருங்கள், நானில்லை, இதுதான் சொல்கிறது.
அவர் கண்ணாடியைத் தேடினார். கொண்டுவரவில்லை.
ரோஷினி தன்னுடையதைப் போட்டுக்கொண்டு
எண்ணை உரக்கப் படித்தார்.
ஒன்பது என்றால் எவ்வளவு?
லோகவதி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் காட்டினார், இவ்வளவா?
அவ்வளவு வராது, என்று ரோஷினி
அந்த விரல்களைப் பிடித்துக் கொஞ்சம் நெருக்கினார்.
வரும், என்றார் இவர்.
இரண்டு தலையும் ஒரு போன் வெளிச்சத்தில்.
நான் எப்போது பின்னால் போனேன் என்று தெரியவில்லை.
அழுத்தினேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு மின்சாரம் வந்தது,
மண்டபமே விசிலடித்தது.
ஃபிளாஷ் குடையை விரித்தேன், அபர்ச்சர் எட்டு, ஒரு டைல்.
மூன்று பேரும் கூர்மை,
மூன்று பேரும் தனித்தனியாக.
பின்னால் தீயணைப்பு உருளைகூட ஓரளவு தெரிந்தது.
குடும்பம் அதைத்தான் முப்பது பிரதி கேட்டது.

முதல் படத்தை யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்?
கல்யாணப் பெண் அதில்
இரண்டு தலைக்கு நடுவே ஒரு சிவப்புக் கறை.

நேற்று அதைப் பிரிண்ட் போட்டேன்.
ரோஷினியின் வளையலை அளவாக வைத்து
ஸ்கேலால் கணக்குப் பார்த்தேன்.
அந்த விரல்களுக்கு நடுவே ஒன்பது இல்லை,
நெருக்கிய பிறகும்
பதினொன்று இருக்கும்.